தேனில் குழைத்த மாத்திரை

மதினி, தேன் வாசம் அடித்தால் மற்றவர்களுக்கு நாக்கில் இனிப்பு ஊறும். எனக்குக் கசப்புதான் ஊறுகிறது. இது முழுக்க உங்களால் வந்த வினை.

நேற்றுக் கடையில் முதலாளியின் மனைவி எங்களுக்கு ஆளுக்கொரு சின்ன பாட்டில் மலைத்தேன் கொடுத்தார். மகன் கொல்லிமலைக்குப் போனபோது வாங்கி வந்தானாம். இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. காலையில் தோசைக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று மூடியைத் திறந்தேன். தேன் வாசத்தோடு கூடவே சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒரு மருந்து வாசமும் ஏறி வந்தது. பாட்டிலில் தேன் மட்டும்தான் இருந்தது. மருந்து வாசம் என் மூக்கிலேயே குடியிருக்கிறது போல. தோசையை அப்படியே வைத்துவிட்டு, அடுப்படியில் நீங்கள் உட்காருகிற பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் இப்போது நான் மட்டும்தான். மகள் ஹரிணி திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, குவைத்திலிருந்து பொங்கலுக்குத்தான் வருவார். ஆகவே உங்களோடு பேச எனக்கு நேரம் கிடக்கிறது. சொல்வதற்கு ஒரு சேதியும் இருக்கிறது. ஆனால் அதைக் கடைசியில்தான் சொல்வேன். நீங்கள் மட்டும் எந்தச் சேதியை நேராகச் சொல்லியிருக்கிறீர்கள்? பஸ் ஏறியதில் ஆரம்பித்து, கண்டக்டர் மீசையை வர்ணித்து, சில்லறைச் சண்டையைச் சொல்லி முடித்த பிறகுதான் யார் வீட்டுத் துக்கத்துக்குப் போய் வந்தீர்கள் என்பதே தெரியும். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஹரிணிக்கு மூன்றாம் வகுப்பிலேயே அந்த நோய் தொடங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், கை நின்றுவிடும். கண் எங்கோ போய்விடும். வாயில் ஒன்றும் இல்லாமலே உதட்டைச் சப்பிக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கொஞ்ச நேரத்தில் எதுவும் நடக்காதது போல மறுபடி பிசையத் தொடங்குவாள். வகுப்பில் கவனம் போதவில்லை என்று பள்ளியிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு உலகத்து வியாதியெல்லாம் கண் வியாதிதான். நான் முதலாளியிடம் சொல்லி, ரோஸ் நிற பிரேமில் அவளுக்கு ஒரு கண்ணாடி மாட்டிவிட்டேன். நீங்களோ அது பரம்பரை வீம்பு என்றீர்கள். உங்கள் தம்பியும் சின்ன வயதில் கூப்பிட்டால் திரும்பமாட்டாராம். ஆளுக்கொரு காரணத்தை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம்.

அவள் மட்டும் சரியாகத்தான் சொன்னாள். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதும்போது, "அம்மா, டீச்சர் நடுவுல நடுவுல எதையாச்சும் சொல்லாம விட்டுர்றாங்க" என்றாள். டீச்சரைக் குறை சொல்லாதே என்று அதட்டினேன். அவள் குறை சொல்லவில்லை என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? பாடத்தின் தொடக்கமும் முடிவும் அவளிடம் இருந்தன. நடுவில் ஒரு துண்டு அவளுக்கு மட்டும் ஒளிபரப்பாகவே இல்லை.

பிறகு உங்கள் சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து வந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம், பெரிய பந்தல். வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலையை ஹரிணியிடம் கொடுத்திருந்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு, வருகிறவர்கள் முகத்திலெல்லாம் அளவுக்கு மீறித் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் பிள்ளை தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுக்கிறது. சுற்றிலும் ஊரே நிற்கிறது. நீங்கள் எனக்கு முன்னால் அங்கே இருந்தீர்கள். யார் இடுப்பிலிருந்தோ சாவிக்கொத்தைப் பிடுங்கி அவள் கையில் திணித்துவிட்டு, சேலையை விரித்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். சாவியால் ஒன்றும் ஆவதில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார். அதுவாக வந்தது, அதுவாக நின்றது.

நின்ற பிறகு நீங்கள் செய்ததைத்தான் நான் மறக்கவே மாட்டேன். பிள்ளையின் பாவாடை நனைந்திருந்தது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் பன்னீர்ச் செம்பை எடுத்து அவள் மடியில் அப்படியே கவிழ்த்துவிட்டு, "பன்னீரு கொட்டிருச்சு, தள்ளுங்கப்பா, பாவாடை மாத்தணும்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். அத்தனை பேர் பதறி நிற்கிற இடத்தில் ஒரு குழந்தையின் மானம் உங்கள் ஒருவருக்குத்தான் தோன்றியது. உங்கள் நாக்குக்குப் பயந்து சொந்தக்காரர்கள் எல்லாம் தெரு மாறிப் போவார்கள். அந்த நாக்குக்குப் பின்னால் இப்படி ஒரு மனசு இருப்பது அவர்கள் யாருக்கும் தெரியாது.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்து, தலையில் கம்பிகள் ஒட்டிப் பார்த்து, இது வலிப்பு நோய் என்றார். சோற்றுத் தட்டின் முன்னால் அவள் உறைந்துபோனதும் வலிப்புதான், விழுந்து இழுத்தது மட்டும்தான் வலிப்பு என்று நினைக்காதீர்கள் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னது, வெளியே ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்பதுதான். பெண் பிள்ளை, ஒரு தடவை பேராகிவிட்டால் அழிக்க முடியாது என்றீர்கள். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. காதுகுத்தில் பார்த்தவர்களுக்கு, வெயிலில் வெறும் வயிற்றோடு நின்றதால் வந்த பித்த மயக்கம் என்று இருவரும் ஒரே கதையைச் சொன்னோம். அந்தக் கதையில் எந்த இடத்தில் யார் பெருமூச்சு விட வேண்டும் என்பதுகூட நமக்குப் பாடமாகியிருந்தது.

மாத்திரை நீளமாக, தடியாக இருந்தது. ஹரிணிக்கு அது தொண்டையில் இறங்கவே இல்லை. ஓங்கரித்துத் துப்புவாள், தண்ணீரோடு சட்டையெல்லாம் ஒழுகும், அழுவாள், நானும் அழுவேன், அதற்குள் அன்னவாசல் ஸ்டாப்புக்கு என் பஸ் வந்துவிடும். இரண்டாம் நாளே நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு வேலையை எடுத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு அழுகை ஓய்ந்தது. இஞ்சி தட்டுகிற கல்லைக் கழுவி, துடைத்து, மாத்திரையை மாவாக நுணுக்கி, மெல்லிய துணியில் சலித்துத் தேனில் குழைத்துத் தருவீர்கள். துணியில் தங்கியதைக்கூட விரலால் வழித்து ஊட்டுவீர்கள். ஒருநாள் தப்பியதில்லை. நம் வீடுகளில் குழந்தைக்கு மருந்து என்றால் நுணுக்கித் தேனில் கொடுப்பதுதானே? உரை மருந்து கொடுத்து வளர்ந்தவர்கள் நாம். அதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

பிள்ளை வாடத் தொடங்கியது. காலையில் முதல் இரண்டு பீரியட் மேசையில் தலையைக் கவிழ்த்துவிடுகிறாள் என்று பள்ளியில் சொன்னார்கள். எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். நான் மறுபடியும் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியை மாற்றினேன். சிரிக்காதீர்கள். மாலையில் கண் எங்கோ போவது மட்டும் நிற்கவில்லை. தெரிந்த சொல்லெல்லாம் நாக்கில் வராமல் நின்றது. ஒருநாள் சீப்பு என்ற சொல்லைத் தேடி, தலையைச் சீவுவது போலக் கையைக் காட்டிக் காட்டி, கடைசியில் கோபம் வந்து மூக்குக்கண்ணாடியையே தட்டிவிட்டாள். முதல் நாள் ஒப்பித்த வாய்ப்பாடு மறுநாள் இருக்காது. மூளை என்ற பாத்திரத்தில் யாரோ அடியில் ஓட்டை போட்டுவிட்டது போல இருந்தது.

படிப்புகூடப் போகட்டும். அவள் குணமே மாறிப்போனதுதான் எனக்குப் பெரிய வேதனை. எதற்கெடுத்தாலும் கத்தினாள். தட்டை வீசினாள். தன் கையையே கடித்துக்கொண்டாள். அடங்கிய பிறகு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். கல்யாணம், காதுகுத்து என்றாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்தக் காதுகுத்தில் எடுத்த வீடியோவில் தானும் இருக்கிறாளா, அதை யார் யார் பார்த்திருப்பார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கம்பக்கத்தில் இவள் கத்தலைக் குறை சொன்னால் நீங்கள் விடமாட்டீர்கள். "கத்தட்டும். வாயுள்ள பிள்ளை பொழைக்கும்" என்று வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்புவீர்கள். ஆனால் கத்தாமல் இருக்கும் நேரத்தில்தான் எனக்குப் பயமாக இருக்கும். ஒரு சாயங்காலம் பழைய பரிட்சைத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும், "நான் முன்னாடி நல்லாத்தானம்மா படிச்சேன்?" என்றாள்.

என் பிள்ளை என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறாள், இனி திரும்பி வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். குவைத்திலிருந்து உங்கள் தம்பி கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்பேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். நாம் இருவரும்தான் போனோம். அவர் பொல்லாதவர் இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். இன்னொரு வருடம் நாலாம் வகுப்பிலேயே இருக்கட்டும், அதுவும் முடியாவிட்டால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கிற பள்ளியைப் பாருங்கள் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நீங்கள் எழுந்து நின்று, "என்ன டீச்சர், பிள்ளை என்ன ஊறுகாயா, ஊறட்டும்னு இன்னொரு வருசம் போட்டு வைக்க?" என்றீர்கள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முழுப் பரிட்சை வரைக்கும் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நீங்கள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். பார்க்காதது போல முன்னால் நடந்தேன்.

மறுவாரமே டாக்டரம்மாவிடம் போனோம். மாலையில் வருவது நிற்கவில்லை என்று கேட்டதும், இன்னொரு மாத்திரையைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லி எழுதத் தொடங்கினார். காலையில் எழுந்து நிற்கவே முடியாத பிள்ளைக்கு இன்னும் ஒன்றா என்று அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். எழுதிக்கொண்டே, மாத்திரையை யார் கொடுப்பது, எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நீங்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "நாந்தான் குடுக்குறேன். நைசா நுணுக்கி, சலிச்சு, தேன்ல கொழைச்சு ஊட்டிருவேன். ஒரு பொட்டு வீணாக்கினதில்ல" என்றீர்கள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

அவர் கோபப்படவில்லை. இந்த மாத்திரை வயிற்றுக்குள் போய் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற மாதிரி செய்யப்பட்டது, நுணுக்கிவிட்டால் அத்தனையும் ஒரே மூச்சில் உடம்பில் ஏறிவிடும் என்று விளக்கினார். அதனால்தான் காலையில் தூக்கம், மயக்கம், இரண்டிரண்டாகத் தெரிவது. சாயங்காலம் உடம்பில் மருந்து போதாமல் போய்விடுகிறது, அதனால்தான் வலிப்பு நிற்கவில்லை. முதல் நாளே இதை நான் கேட்டிருக்க வேண்டும் என்று தன்னையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டார். புது மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், இதையே முழுதாக விழுங்க வைத்துப் பார்க்கலாம் என்றார். எல்லாமே இதனால் வந்ததில்லை, இந்த நோய்க்கே ஞாபகத்தையும் மனசையும் கொஞ்சம் அலைக்கழிக்கிற குணம் உண்டு, ஆனால் நீங்கள் பார்த்துப் பயந்ததில் பாதிக்கு மேல் சரியாகும் என்றார்.

ஹரிணியிடமும் அவர் தனியாகப் பேசினார். டீச்சர் எதையும் விடவில்லை, நீதான் நடுவில் கொஞ்ச நேரம் உன்னை அறியாமல் வெளியே போய்விட்டு வருகிறாய், வந்ததும் பக்கத்தில் இருப்பவளிடம் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை என்றார். "அப்ப நான் மக்கு இல்லையா?" என்று அவள் கேட்டாள். இல்லை என்று டாக்டரம்மா சொன்னபோது பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தாள். நீங்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. ஹரிணி என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த நீங்கள் வெளியே பார்த்தபடியே கேட்டீர்கள்.

"நான் எங்கிட்டாச்சும் போயிறட்டுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. புருஷன் வீட்டில் பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர் நீங்கள். இது வெளியே தெரிந்தால் சொந்தபந்தங்கள் என்ன சொல்லும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெறாதவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியுமா என்பார்கள். என் அழுகையை நீங்கள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டீர்கள். மதினி, நான் சந்தோஷத்தில் அழுதேன். என் பிள்ளை போய்விடவில்லை, அந்தப் பொடிக்கும் தேனுக்கும் அடியில் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்த சந்தோஷம் அது. உங்கள் மேல் ஒரு துளி கோபம்கூட இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்ததால், உங்கள் பாணியிலேயே பதில் சொன்னேன்.

"போங்க. போயிட்டு, நாளைக்குக் காலையில மாத்திரையை யாரு குடுக்குறதுன்னு சொல்லிட்டுப் போங்க."

நீங்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இருந்து தொலைக்கிறேன் என்றீர்கள். இது நம் இருவரோடு இருக்கட்டும் என்றேன். இருந்தது. உங்கள் தம்பிக்குக்கூட இன்று வரைக்கும் தெரியாது. மாத்திரை கொடுக்கும் முறையை மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் சொன்னேன், அது பொய்யும் இல்லை.

அடுத்து விழுங்கப் பழகும் படலம். அதில்தான் உங்கள் குட்டு உடைந்தது. அத்தனை வருடமாகச் சர்க்கரை வியாதி மாத்திரையை நீங்களும் நுணுக்கித்தான் தின்றிருக்கிறீர்கள். உங்களுக்கும் முழு மாத்திரை இறங்காதாம். ஹரிணி அதைக் கண்டுபிடித்து வீடு முழுக்க ஓடி ஓடிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் சவ்வரிசியை வேகவைத்து இரண்டு கிண்ணத்தில் போட்டேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவளுக்கு. மெல்லாமல் ஒவ்வொன்றாக விழுங்க வேண்டும். அவள் இரண்டாம் நாளே விழுங்கிவிட்டாள். சவ்வரிசியிலிருந்து சீரக மிட்டாய்க்கும், சீரக மிட்டாயிலிருந்து மாத்திரைக்கும் போய்விட்டாள். நீங்கள் கண்ணை உருட்டிக்கொண்டு, கோழி தண்ணீர் குடிப்பது போலத் தலையை அண்ணாந்துகொண்டு, சவ்வரிசியிலேயே நின்றீர்கள்.

"அத்தை, மேல பாக்காதீங்க. குனிஞ்சு முழுங்குங்க, அதுவா உள்ள போயிரும்" என்று உங்கள் தாடையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். வகுப்பில் எல்லோரையும்விடப் பின்தங்கியவள் என்று பேர் வாங்கியிருந்த பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாத ஒரு காரியம் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. உங்களை அதட்டவும் கிடைத்தது. இந்த இரண்டாவது சந்தோஷம் ஊரில் வேறு யாருக்கும் கொடுத்துவைத்ததில்லை. உங்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லையா, அல்லது அவள் ஜெயிக்கட்டும் என்று வேண்டுமென்றே தோற்றீர்களா என்று நான் பல தடவை கேட்டேன். நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

காலைத் தூக்கம் முதலில் போனது. பிறகு எழுத்து ஒன்றாகத் தெரிந்தது. மாலையில் உறைந்துபோவது மெதுவாகக் குறைந்தது. கோபம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை, ஆனால் தட்டு வீசுவது நின்றது. டீச்சரிடம் மட்டும் சொல்லலாம் என்று உங்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சொன்ன பிறகு அவர் அவளை முன் பெஞ்சுக்கு மாற்றினார், எழுதக் கூடுதல் நேரம் கொடுத்தார். முழுப் பரிட்சையில் பிரமாதமான மார்க் ஒன்றும் இல்லை. ஆனால் தன் தோழிகளோடு ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அன்றைக்கு நீங்கள் கேசரி கிண்டி, தலைமையாசிரியைக்கு ஒரு டப்பாவில் கொடுத்துவிட்டீர்கள். கூடவே ஊறுகாயும் வைத்தீர்கள். அதுதான் நீங்கள்.

ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு இன்று வரை தகராறுதான். சில பெயர்கள் நாக்கில் வந்து நிற்கும், வெளியே வராது. பெரியவளானதும் டாக்டரம்மா மாத்திரையை மாற்றினார். பத்தாம் வகுப்புப் பரிட்சைக்குத் தூங்காமல் படித்ததில் ஒரு தடவை பெரிதாக வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. நீங்கள் இருந்தவரை அவளுக்கு மாத்திரை எடுத்து வைப்பது நீங்கள்தான். அவள் விழுங்கினாளா என்று வாயைத் திறந்து காட்டச் சொல்வீர்கள். அவளும் உங்களைத் திறந்து காட்டச் சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் பெண் உங்கள் நிலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மாத்திரையைப் பொடி பண்ணித் தரட்டுமா பாட்டி என்று கேட்டாள். நீங்கள் வேண்டாம் என்று கையை ஆட்டினீர்கள். பேசவே சிரமப்பட்ட நிலையிலும், முழுதாகத்தான் விழுங்குவேன், எனக்கு என் பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கிறது என்றீர்கள். பிறகு தாடையைக் கீழே இறக்கி விழுங்கிக் காட்டினீர்கள். ஹரிணி வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

சரி, சேதிக்கு வருகிறேன்.

போன வாரம் அவளை விடுதியில் விடப் போனேன். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டீர்கள் என்று தெரியும். நானும் விட விரும்பவில்லை. அன்னவாசலிலிருந்தே தினமும் போய் வரலாமே என்று எவ்வளவோ சொன்னேன். பஸ்ஸில் அலைந்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் என்ன வரும் என்று உனக்கே தெரியுமே என்று என் வாயை அடைத்துவிட்டாள். டாக்டரம்மாவும் அவள் கட்சி.

அறையில் ஒரே ஓர் இரண்டடுக்குக் கட்டில். இவளோடு தங்கப்போகிற பெண் மணமேல்குடிப் பக்கம். அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். கருவாட்டுப் பொடி டப்பாவை ஒளித்து வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார், பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. ஹரிணி பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்தாள். அந்தம்மா சாதாரணமாக, "என்னம்மா, சத்து மாத்திரையா?" என்று கேட்டார்.

மதினி, நம்முடைய பித்த மயக்கக் கதை அத்தனை வருடம் கழித்தும் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆமாம், ரத்தம் கம்மி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இல்லங்க ஆன்ட்டி, எனக்கு வலிப்பு இருக்கு. இப்ப ரெண்டு மூணு வருசமா வரல. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டுப் பக்கத்துல இருந்தாப் போதும், நானா முழிச்சுக்குவேன்."

ஊர் பேர் சொல்வது போலச் சொன்னாள். குரல் இறங்கவில்லை, தலை குனியவில்லை. இப்போது இந்தம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வார்டனிடம் போய் வேறு அறை கேட்கப்போகிறார், என் பிள்ளை முகம் எப்படி ஆகப்போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா கருவாட்டுப் பொடி டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, கேட்டுக்கொண்டாயா, எந்தப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொள் என்றார். அந்தப் பெண் அதற்குள் கீழ்க் கட்டிலில் விரித்திருந்த தன் போர்வையைச் சுருட்டிவிட்டாள்.

"அப்ப ஒனக்கு மேல் கட்டில் வேணாம். நீ கீழ படு, நான் ஏறிக்கிறேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இருவரும் அலமாரியில் யாருக்கு எந்தத் தட்டு என்று சண்டை போடத் தொடங்கிவிட்டார்கள். நாம் கதவைச் சாத்திக்கொண்டு காப்பாற்றிய ரகசியம், ஒரு போர்வையைச் சுருட்டுகிற நேரத்தில் முடிந்துபோனது. நீங்கள் இருந்திருந்தால் முதலில் அவளைக் கிள்ளியிருப்பீர்கள். பிறகு அந்தப் பெண்ணை ஒன்றும் சொல்லாமல் கட்டிப்பிடித்திருப்பீர்கள். நான் இரண்டையும் செய்யவில்லை. குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

திரும்பும்போது விராலிமலை தாண்டியது தெரியும், அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது அன்னவாசல் பின்னால் போயிருந்தது. இத்தனை வருடத்தில் நான் பஸ்ஸில் தூங்கியதே இல்லை. எப்போதும் மடியில் அவள் தலை இருக்கும், அல்லது போன் எந்த நேரம் அடிக்குமோ என்று கை அதன் மேலேயே இருக்கும். இறங்கி எதிர்ப் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குச் சிரிப்பாக வந்தது. தோளில் இருந்த பை கனக்கவே இல்லை.

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடந்தாலும் தூக்கத்தில் காது அங்கேதான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் நன்றாகப் பார்த்தேன் மதினி, அந்தப் பயம் அவள் முகத்தில் இல்லை. நம்மிடமிருந்து அவள் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை. உங்கள் பங்கை நீங்கள் போகும்போது கொண்டுபோய்விட்டீர்கள். என் பங்கு என்னிடம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.